பேரைச் சொன்னால் விட்டுவிடுவார்கள்

அன்புள்ள யாழினிக்கு,

‘ஓப்பன்ஹைமர்’ படம் பார்த்துவிட்டு நீ எழுதியிருந்த கேள்வி நல்ல கேள்வி. அணுகுண்டைச் செய்து கொடுத்த மனிதரையே ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, மனைவி எந்தக் கட்சி, தம்பி எந்தக் கட்சி, பழைய சிநேகிதர்கள் யார் யார் என்று நாள்கணக்கில் குடைந்தார்களே, அமெரிக்காவுக்குக் கம்யூனிஸ்டுகள் மேல் அப்படி என்ன பயம் என்று கேட்டிருந்தாய். அந்தப் பயம் ஒரு விஞ்ஞானியோடு நிற்கவில்லை. பள்ளி ஆசிரியர், அரசு குமாஸ்தா, நடிகர், ஆலைத் தொழிலாளி என்று எல்லார் வீட்டுக் கதவையும் அது தட்டியது. ஆகவே அவரைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, சாதாரண மனிதர்களிடமிருந்து தொடங்குவோம்.

1951 ஜூலை 4. அமெரிக்காவின் சுதந்திர தினம். விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசனில், ‘கேபிட்டல் டைம்ஸ்’ பத்திரிகையின் நிருபர் ஜான் பேட்ரிக் ஹன்டர் கையில் ஒரு மனுவோடு பூங்காவுக்குப் போனார். விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்திருந்தவர்களிடம் அதை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். அதில் அவர் சொந்தமாக எழுதியது எதுவும் இல்லை. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்திலிருந்தும் அரசியல் சாசனத்தின் உரிமைப் பகுதியிலிருந்தும் எடுத்த வாசகங்கள், அவ்வளவுதான். 112 பேரிடம் கேட்டார். கையெழுத்துப் போட்டவர் ஒரே ஒருவர். இருபது பேர், நீ கம்யூனிஸ்டா என்று அவரையே திருப்பிக் கேட்டார்கள்.

அந்தப் பூங்காவில் இருந்தவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிடாதே. தெரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1930-களில் ஸ்பெயின் குடியரசுக்கு ஆதரவாகவோ, வேலையில்லாதோருக்காகவோ ஒரு மனுவில் கையெழுத்திட்டவர்கள், பதினைந்து வருஷம் கழித்து அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. எதிலும் சேராதே, எதிலும் பேர் கொடுக்காதே என்று அமெரிக்கத் தந்தைமார் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்ன காலம் அது.

பயத்தின் வேர் இன்னும் பழையது. 1917-இல் ரஷ்யாவில் புரட்சி. 1919-இல் அமெரிக்காவிலேயே சியாட்டில் நகரத் தொழிலாளர்கள் பொதுவேலைநிறுத்தம் செய்தார்கள், பாஸ்டனில் போலீஸ்காரர்களே வேலையை நிறுத்தினார்கள், எஃகு ஆலைகள் நின்றன. அந்த ஜூன் மாதம் வாஷிங்டனில் அட்டர்னி ஜெனரல் மிட்செல் பால்மர் வீட்டு வாசலில் குண்டு வெடித்தது. பால்மர் திருப்பி அடித்தார். ஜே. எட்கர் ஹூவர் என்ற 24 வயது இளைஞரிடம் தீவிரவாதிகளைப் பற்றிய கோப்புகளைத் திரட்டும் பொறுப்பைக் கொடுத்தார். 1919 டிசம்பரில் ‘புஃபோர்ட்’ என்ற பழைய கப்பலில், எம்மா கோல்ட்மன் உட்பட 249 பேரை ஏற்றி ரஷ்யாவின் பக்கம் அனுப்பினார்கள். அடுத்த மாதம் ஒரே இரவில் முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் சோதனை நடத்தி ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தார்கள். பலரிடம் வாரன்ட்கூட காட்டவில்லை. 1920 மே தினத்தன்று நாடு முழுக்கக் கலகம் வெடிக்கும் என்று பால்மர் எச்சரித்தார். நியூயார்க் போலீஸ் முழுவதும் விடிய விடியக் காவல் நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. தொழிலாளர் துறையைத் தற்காலிகமாகக் கவனித்துக்கொண்டிருந்த லூயி போஸ்ட் என்ற அதிகாரி, கோப்புகளைத் தானே உட்கார்ந்து படித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாடுகடத்தல் உத்தரவுகளை ரத்து செய்தார். அப்படிப்பட்டவர்களும் எந்தக் காலத்திலும் இருக்கிறார்கள். பால்மர் மறைந்தார், ஹூவர் நிலைத்தார். 1924-இல் எஃப்.பி.ஐ.யின் தலைமைக்கு வந்தவர் 1972-இல் சாகும்வரை அந்த நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பயம் புது உருவில் வந்தது. இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பயத்துக்குக் காரணமே இல்லாமல் போகவில்லை. 1949 ஆகஸ்டில் சோவியத் யூனியன் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. அக்டோபரில் சீனா மாவோவின் கைக்குப் போனது. 1950 தொடக்கத்தில், அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸில் வேலை பார்த்த விஞ்ஞானி கிளாஸ் ஃபுக்ஸ் குண்டின் ரகசியங்களை மாஸ்கோவுக்குக் கொடுத்ததாக லண்டனில் ஒப்புக்கொண்டார். ஜூனில் கொரியப் போர். உளவாளிகள் நிஜமாகவே இருந்தார்கள். சோவியத் தந்திகளை அமெரிக்கா ரகசியமாக உடைத்துப் படித்த ‘வெனோனா’ ஆவணங்கள் 1995-இல் வெளியானபோது, மரண தண்டனைக்கு ஆளான ஜூலியஸ் ரோசன்பர்க் உளவு பார்த்தது உறுதியானது.

ஆனால் அவரோடு மின்சார நாற்காலியில் உட்கார வைக்கப்பட்ட மனைவி எதெல் விஷயம் வேறு. அவருக்கு எதிரான முக்கிய சாட்சி சொந்தத் தம்பி டேவிட் கிரீன்கிளாஸ். ரகசியக் குறிப்புகளை அக்கா டைப் அடித்தாள் என்று கோர்ட்டில் சொன்னார். பல ஆண்டுகள் கழித்து, அக்கா டைப் அடித்ததாகத் தனக்கு நினைவே இல்லை, தன் மனைவியைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டார். 1953 ஜூன் 19 அன்று இருவருக்கும் தண்டனை நிறைவேறியபோது, அவர்களுடைய மகன்களுக்கு வயது பத்தும் ஆறும்.

உளவாளிகளைப் பிடிப்பது போலீஸ் வேலை. அதோடு நிறுத்தியிருக்கலாம். 1947 மார்ச்சில் ஜனாதிபதி ட்ரூமன் ஓர் ஆணை போட்டு, மத்திய அரசு ஊழியர்கள் அத்தனை பேருடைய விசுவாசத்தையும் சோதிக்கச் சொன்னார். ஒரு ஆள் என்ன செய்தார் என்பதோடு, யாரோடு பழகினார், எந்தச் சங்கத்தில் சந்தா கட்டினார், எதன் மேல் ‘அனுதாபம்’ வைத்திருக்கிறார் என்பதும் கேள்வியானது. சந்தேகத்துக்குரிய அமைப்புகளின் பட்டியல் ஒன்றை அரசே அச்சிட்டு வெளியிட்டது. அதில் ஓர் அமைப்பின் பேர் இருந்தால், அதன் உறுப்பினர் எல்லாரும் குற்றவாளி மாதிரி. 1947-க்கும் 1956-க்கும் இடையில் சுமார் 2,700 பேர் வேலையை விட்டு நீக்கப்பட்டார்கள். சுமார் 12,000 பேர் தாங்களாகவே ராஜினாமா செய்தார்கள்.

டாரதி பெய்லியின் வழக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாஷிங்டனில் அரசு வேலைவாய்ப்புத் துறையில் பயிற்சி தரும் அலுவலர். தான் கம்யூனிஸ்ட் இல்லை என்று சத்தியம் செய்து சொன்னார். நற்சான்று கொடுத்தவர்கள் டஜன்கணக்கில். அவருக்கு எதிராக நேரில் வந்து சாட்சி சொன்னவர் ஒருவர்கூட இல்லை. எஃப்.பி.ஐ.க்கு யாரோ தகவல் கொடுத்திருந்தார்கள். யார் என்று பெய்லிக்குச் சொல்லவில்லை. விசாரித்த குழுவுக்கே தெரியாது. அந்தத் தகவலாளிகள் சத்தியப் பிரமாணம் எடுத்துச் சொன்னார்களா என்பதும் தெரியாது. நம் ஊரில் மொட்டைக் கடிதம் என்போமே, அதை வைத்தே ஒரு அரசாங்கம் தீர்ப்பு எழுதியது. விசாரணையில் கேட்ட கேள்விகளில் ஒன்று: ரத்தத்தை இனவாரியாகப் பிரித்து வைப்பதைப் பற்றிச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நீங்கள் கடிதம் எழுதியதுண்டா? அப்போது கறுப்பர் தந்த ரத்தத்தையும் வெள்ளையர் தந்த ரத்தத்தையும் தனித்தனியாக வைத்திருந்தார்கள். அதை எதிர்த்தால் கம்யூனிஸ்ட் என்று சந்தேகம். பெய்லியின் வேலை போனது. 1951-இல் உச்ச நீதிமன்றத்தில் நான்குக்கு நான்கு என்று நீதிபதிகள் பிரிந்ததால் கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பே நின்றது.

இனி ஹாலிவுட். ‘அமெரிக்க விரோத நடவடிக்கைகள்’ குழு என்று பிரதிநிதிகள் சபையில் ஒரு விசாரணைக் குழு 1938 முதலே இருந்தது. 1947 அக்டோபரில் அது சினிமாக்காரர்களை அழைத்தது. என் கட்சியைக் கேட்க உனக்கு உரிமை இல்லை என்று பத்துப் பேர் பதில் சொல்ல மறுத்தார்கள். சபை அவமதிப்புக்காகச் சிறைக்குப் போனார்கள். ஸ்டூடியோ முதலாளிகள் நியூயார்க்கில் வால்டார்ஃப் ஓட்டலில் கூடி, கம்யூனிஸ்ட் எவருக்கும் வேலை கிடையாது என்று அறிவித்தார்கள். சட்டம் எதுவும் போடாமலே கறுப்புப் பட்டியல் பிறந்துவிட்டது. அந்தக் குழுவின் தலைவர் பார்னல் தாமஸ் பிறகு பொய்ச் சம்பளக் கணக்கு எழுதிப் பணம் எடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, தான் அனுப்பிய எழுத்தாளர்கள் இருவர் இருந்த அதே டான்பரி சிறைக்கு வந்து சேர்ந்தார்.

குழுவின் முன்னால் உட்கார்ந்தவனுக்கு இருந்த வழிகள் என்னவென்று தெரிந்துகொண்டால்தான் அந்தக் காலம் புரியும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டாம் என்ற ஐந்தாவது திருத்தத்தைக் காட்டி வாய்திறக்காமல் இருக்கலாம். சிறை இல்லை, ஆனால் மறுநாள் வேலை இருக்காது. என்னைப் பற்றிச் சொல்கிறேன், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல மாட்டேன் என்றால் சட்டம் இடம் தராது. பேச ஆரம்பித்தால் எல்லாவற்றையும் பேசியாக வேண்டும். மூன்றாவது வழி, பேர்களைச் சொல்வது. அந்தப் பேர்கள் பெரும்பாலும் குழுவிடம் ஏற்கெனவே இருந்தன. தகவலுக்காகக் கேட்கவில்லை. சிநேகிதனைக் காட்டிக்கொடுக்கிறாயா என்று பார்ப்பதே சோதனை. நடிகர் லாரி பார்க்ஸ் 1951-இல், என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், மற்றவர்களைச் சேற்றில் இழுக்க வைக்காதீர்கள் என்று கெஞ்சினார். கடைசியில் மூடிய அறையில் பேர்களைச் சொன்னார். அப்படியும் அவருடைய சினிமா வாழ்க்கை மீளவில்லை.

அந்தப் பத்துப் பேரில் ஒருவரான எழுத்தாளர் டால்டன் ட்ரம்போ சிறையிலிருந்து வந்து மாற்றுப் பேர்களில் எழுதினார். ‘ரோமன் ஹாலிடே’ கதைக்கான ஆஸ்கர், தன் பேரை இரவல் கொடுத்த சிநேகிதருக்குப் போனது. ‘தி பிரேவ் ஒன்’ படத்துக்கு 1957-இல் ‘ராபர்ட் ரிச்’ என்பவருக்கு ஆஸ்கர் அறிவித்தார்கள். அப்படி ஒரு ஆளே இல்லை. 1960-இல்தான் ‘எக்ஸோடஸ்’, ‘ஸ்பார்ட்டகஸ்’ படங்களில் அவருடைய சொந்தப் பேர் திரையில் வந்தது. எல்லாருக்கும் அந்தத் தெம்பு இல்லை. ‘தி கோல்ட்பர்க்ஸ்’ என்ற பிரபலமான தொலைக்காட்சித் தொடரில் அப்பாவாக நடித்த ஃபிலிப் லோப், ஒரு தனியார் வெளியீட்டில் தன் பேர் அச்சானதால் வேலை இழந்து, 1955-இல் தற்கொலை செய்துகொண்டார். சார்லி சாப்ளின் 1952-இல் லண்டனுக்குக் கப்பலேறியதும், திரும்பி வர அவருக்கிருந்த அனுமதியை ரத்து செய்தார்கள். இருபது வருஷம் கழித்து, ஒரு கௌரவ விருதை வாங்கத்தான் அந்த மண்ணை மறுபடி மிதித்தார்.

செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி பேர் இத்தனை நேரமாக வராதது உனக்கு ஆச்சரியமாக இருக்கலாம். காரணம் உண்டு. இந்த இயந்திரம் ஓடத் தொடங்கி மூன்று வருஷம் ஆன பிறகே அவர் வந்தார். 1950 பிப்ரவரி 9 அன்று மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் ஊரில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில், வெளியுறவுத் துறையில் உள்ள 205 கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தன் கையில் இருப்பதாகச் சொன்னார். சில நாளில் 205 என்பது 57 ஆனது. செனட்டில் 81 ஆனது. ஒருவரையும் அவர் உளவாளி என்று நிரூபித்துக் காட்டவில்லை. பத்திரிகைகள் குற்றச்சாட்டை முதல் பக்கத்தில் போட்டன. மறுப்பு உள்ளே எங்கோ மூலையில் வந்தது. அவருடைய கட்சியைச் சேர்ந்த மார்கரெட் சேஸ் ஸ்மித், அன்றைய செனட்டில் இருந்த ஒரே பெண், நான்கே மாதத்தில் எழுந்து மெக்கார்த்தியின் போக்கைக் கண்டித்துப் பேசினார். அவரோடு நின்றவர்கள் ஆறே பேர். 1954-இல் மெக்கார்த்தி ராணுவத்தோடு மோதி, தொலைக்காட்சியில் நாடே பார்க்க அம்பலப்பட்டு, டிசம்பரில் 67-க்கு 22 என்ற வாக்கில் செனட்டால் கண்டிக்கப்பட்டார். 48 வயதில் இறந்துபோனார். அவர் ஒருவர் தலையில் எல்லாப் பழியையும் போட்டுவிட்டால், ஆணை போட்ட ஜனாதிபதிகளும், கோப்பு திரட்டிய ஹூவரும், வேலையை விட்டு அனுப்பிய கம்பெனி முதலாளிகளும் தப்பித்துவிடுவார்கள். பள்ளிப் பாடங்கள் பெரும்பாலும் அந்தத் தவறைத்தான் செய்கின்றன.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஹார்வர்டின் சாமுவேல் ஸ்டஃபர் 1954 கோடையில் 6,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைப் பேட்டி காண வைத்தார். உங்களுக்கு எதைப் பற்றிக் கவலை என்று கேட்டால், பணக் கஷ்டம், உடம்பு, பிள்ளைகள் என்றார்கள். கம்யூனிஸ்டுகளைப் பற்றிக் கவலை என்று தாமாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நீங்கள் அறிந்த ஒருவரைக் கம்யூனிஸ்ட் என்று எதனால் சந்தேகித்தீர்கள் என்றால், அவர் வீட்டுச் சுவரில் ரஷ்யாவின் வரைபடம் தொங்கியது என்றார் ஒருவர். எப்போது பார்த்தாலும் உலக சமாதானம் பேசுகிறார் என்றார் ஓர் இல்லத்தரசி. ஜனங்கள் தாமாக அரளவில்லை, அரட்டப்பட்டார்கள் என்றே அந்த ஆய்வு நினைக்க வைக்கிறது.

பள்ளிக்கூடங்களைப் பார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1949-இல் ஆசிரியர்களிடம் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு உறுதிமொழி கேட்டது. கையெழுத்துப் போட மறுத்த 31 பேரை 1950-இல் நீக்கியது. நீக்கப்பட்டவர்களைக் கம்யூனிஸ்டுகள் என்று யாரும் குற்றம்சாட்டவில்லை. கையெழுத்துப் போடாததே குற்றம். நியூயார்க் நகரப் பள்ளிகளில் 300-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் நீக்கப்பட்டோ, விலகியோ போனார்கள். இண்டியானாவில் மல்யுத்தக்காரர்கள்கூட விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் மேசைக்கு அடியில் குனிந்து தலையை மூடிக்கொள்ளப் பழகினார்கள். குண்டு விழுந்தால் உடலை அடையாளம் காண்பதற்காக, நியூயார்க்கில் பள்ளிப் பிள்ளைகள் கழுத்தில் போட்டுக்கொள்ள உலோகத் தகடு கொடுத்தார்கள். ஏழு வயதுக் குழந்தையிடம் அதைக் கொடுத்து, எதற்கு என்று விளக்கிய ஆசிரியையை நினைத்துப் பார்.

1953 நவம்பரில் இண்டியானா பாடநூல் குழு உறுப்பினர் ஒருவர், ராபின்ஹூட் கதையைப் பள்ளிகளிலிருந்து எடுக்கச் சொன்னார். பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுப்பது கம்யூனிஸம் என்றார். அந்த மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் ஐந்து பேர் கோழிப்பண்ணைக்குப் போய்ச் சாக்குச் சாக்காக இறகு பொறுக்கி, பச்சைச் சாயம் தோய்த்து, 1954 மார்ச்சில் வளாகம் முழுக்க ஒட்டினார்கள். பச்சை இறகு ராபின்ஹூட்டின் அடையாளம். அவர்களையும் எஃப்.பி.ஐ. விசாரித்தது. உன் வயதுக்காரர்கள், பயம் உச்சத்தில் இருந்தபோது செய்த காரியம் இது.

மிஷிகன் மாநிலம் டெக்ஸ்டர் ஊரைச் சேர்ந்த மைலோ ராடுலோவிச்சுக்கு அப்போது 26 வயது. விமானப்படையின் ரிசர்வ் பிரிவில் லெப்டினன்ட், பல்கலைக்கழக மாணவர், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். 1953-இல் அவருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. உன் விசுவாசத்தில் சந்தேகம் இல்லை, ஆனால் அப்பாவோடும் தங்கையோடும் நெருங்கிய தொடர்பு வைத்திருக்கிறாய், ஆகவே பாதுகாப்புக்கு ஆபத்தானவன் என்றது. அப்பா செர்பியாவிலிருந்து குடியேறிய மோட்டார் ஆலைத் தொழிலாளி. செய்த தப்பு, தாய்மொழிச் செய்தித்தாள் வாங்கிப் படித்தது. குடும்பத்தோடு உறவை முறித்துக்கொண்டால் பதவி தப்பும். மைலோ மாட்டேன் என்றார். விசாரணையில் ஓர் உறையைக் காட்டி, ஆதாரம் இதற்குள் இருக்கிறது என்றார்கள். பிரிக்கவே இல்லை.

தொலைக்காட்சிச் செய்தியாளர் எட்வர்ட் மர்ரோ இதை அக்டோபர் 20 அன்று அரை மணி நேர நிகழ்ச்சியாக ஒளிபரப்பினார். தொலைக்காட்சி நிறுவனம் விளம்பரம் கொடுக்க மறுத்ததால், மர்ரோவும் தயாரிப்பாளர் ஃபிரெட் ஃபிரெண்ட்லியும் சொந்தப் பணம் 1,500 டாலர் போட்டு ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் விளம்பரம் செய்தார்கள். நிகழ்ச்சியில் மைலோ பேசினார், தங்கை பேசினாள், தகப்பனார் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஜனாதிபதிக்கு எழுதிய கடிதத்தை வாசித்தார். ஐந்தே வாரத்தில் விமானப்படை அமைச்சர் கேமரா முன் வந்து உத்தரவைத் திரும்பப் பெற்றார். மர்ரோ என்றால் எல்லாரும் மெக்கார்த்தியை அவர் எதிர்த்த 1954 மார்ச் நிகழ்ச்சியைத்தான் சொல்வார்கள். இந்த முதல் நிகழ்ச்சிதான் பெரியது. அதில் தாக்கப்பட்டவர் யாரும் இல்லை. ஒரு குடும்பம் என்ன பாடுபட்டது என்று காட்டியதே போதுமாக இருந்தது.

இந்தப் பயம் யார் யாருக்குப் பயன்பட்டது என்று கேட்டால்தான் கதை முழுமையாகும். 1947-இன் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டப்படி, தொழிற்சங்க நிர்வாகிகள் தாங்கள் கம்யூனிஸ்ட் இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். சி.ஐ.ஓ. என்ற தொழிற்சங்கச் சம்மேளனம் 1949, 1950-இல் பதினொரு சங்கங்களைத் தானே வெளியேற்றியது. கறுப்பரையும் பெண்களையும் சமமாகச் சேர்த்துக்கொள்வதில் முன்னால் நின்ற சங்கங்கள் அவற்றுள் இருந்தன. எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு என்று ட்ரூமன் திட்டம் கொண்டுவந்தார். அமெரிக்க மருத்துவச் சங்கம் உறுப்பினருக்கு 25 டாலர் வீதம் வசூலித்து, விளம்பர நிபுணர்களை அமர்த்தி, அதைச் சோஷலிஸ மருத்துவம் என்று நாடெங்கும் பரப்பியது. லெனினே இப்படிச் சொன்னார் என்று ஒரு மேற்கோளையும் துண்டுப்பிரசுரத்தில் போட்டார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேடிப் பார்த்தது. லெனின் எழுத்தில் எங்கும் அது இல்லை. திட்டம் செத்தது. முதியோருக்கான மெடிகேர் வர 1965 ஆயிற்று. எல்லாருக்குமான காப்பீடு இன்றுவரை அங்கே வரவில்லை. ஒரு நோயாளி ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துக் கலங்குவதற்கும் இந்தப் பழைய பீதிக்கும் தொடர்பு இருக்கிறது.

கறுப்பின மக்களின் போராட்டம் பட்டது இன்னும் கொடுமை. 1951-இல், 83 வயதை எட்டியிருந்த அறிஞர் டு பாய்ஸ் கைவிலங்கோடு கோர்ட்டுக்கு வந்தார். விடுதலையானார், ஆனால் பாஸ்போர்ட் 1958 வரை கிடைக்கவில்லை. பாடகர் பால் ரோப்சன் பாஸ்போர்ட்டை 1950-இல் பறித்தார்கள். 1952 மே மாதம் கனடா எல்லைக்கே போய், அமெரிக்க மண்ணில் நிறுத்திய லாரியின் மேல் நின்று, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கூடியிருந்த ஆயிரக்கணக்கானோருக்காகப் பாடினார். மார்ட்டின் லூதர் கிங் ஒரு தொழிலாளர் பயிற்சிப் பள்ளியில் உட்கார்ந்திருந்த படத்தை, கம்யூனிஸ்ட் பள்ளியில் கிங் என்று தெற்கு மாநிலச் சாலையோரங்களில் பெரிய பலகைகளாக வைத்தார்கள். ஆலோசகர் ஒருவர் பழைய கம்யூனிஸ்ட் என்ற காரணம் காட்டி 1963-இல் கிங்கின் டெலிபோனை ஒட்டுக்கேட்டார்கள். 1964-இல் எஃப்.பி.ஐ. அவருக்கே பேரில்லாக் கடிதம் அனுப்பி, தற்கொலைக்குத் தூண்டியது.

மறுபக்கமும் உண்டு. நிறவெறியைச் சோவியத் வானொலி உலகெங்கும் பேசுகிறது, நாட்டுக்குத் தலைகுனிவு என்ற வாதத்தை, பள்ளிகளில் இனப்பிரிவினையை எதிர்த்த வழக்கில் 1952-இல் அரசே உச்ச நீதிமன்றத்தில் வைத்தது. 1957-இல் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்த அதிர்ச்சியில் கல்விக்குப் பணம் கொட்டினார்கள். ஆனால் அந்தப் பணத்திலிருந்து கடன் பெறும் மாணவனிடமும் விசுவாசப் பிரமாணம் கேட்டார்கள்.

ஓரினச் சேர்க்கையாளர்களும் இதில் சிக்கினார்கள். அவர்களை மிரட்டி ரகசியம் கறக்கலாம் என்று சொல்லி 1953-இல் ஜனாதிபதி ஐசனோவர் ஆணைப்படி அரசு வேலையிலிருந்து ஆயிரக்கணக்கில் விரட்டினார்கள். வானியலாளர் ஃபிராங்க் கேமனி 1957-இல் வேலை இழந்தார். அரசு மன்னிப்புக் கேட்டது 2009-இல்.

நாடு தனக்கே செய்துகொண்ட கேட்டுக்கு ச்சியன் ஷுவேசென் ஒருவர் போதும். சீனாவில் பிறந்து, கால்டெக்கில் ராக்கெட் ஆய்வுக்கூடத்தை நிறுவியவர்களில் ஒருவராக, போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்கு உழைத்தவர். 1938-இல் கட்சிக் கூட்டங்களுக்குப் போனார் என்று 1950-இல் குற்றம்சாட்டி, ரகசிய ஆய்வுக்கான பாதுகாப்பு அனுமதியைப் பறித்து, ஐந்து வருஷம் கண்காணிப்பில் வைத்து, 1955-இல் சீனாவுக்கு அனுப்பிவிட்டார்கள். சீனாவின் ஏவுகணைத் திட்டத்தை அவர் கட்டி எழுப்பினார். சீனாவைப் பற்றி உள்ளபடி அறிக்கை எழுதிய ஜான் சர்வீஸ், ஜான் பேட்டன் டேவிஸ் போன்ற வெளியுறவு அதிகாரிகளையும் நீக்கினார்கள். வியட்நாமில் மாட்டிக்கொண்டபோது ஆசியாவை அறிந்தவர்கள் பக்கத்தில் இல்லாமல் போனதை, அந்தப் போரை நடத்திய மக்னமாராவே 1995-இல் எழுதினார்.

1957 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் சில தீர்ப்புகளால் இந்த இயந்திரத்தின் பற்களை உடைத்தது. பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு 1975-இல் கலைக்கப்பட்டது. ஓப்பன்ஹைமரின் பாதுகாப்பு அனுமதியை ரத்து செய்தது தவறு என்று எரிசக்தித் துறை 2022 டிசம்பரில் அறிவித்தது. அவர் இறந்து 55 வருஷம் ஆகியிருந்தது. ஆனால் 1950-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா சாசனத்தில் ஏறிய விசுவாச உறுதிமொழி இன்னும் இருக்கிறது. 2008-இல் ஒரு கணித ஆசிரியை அதில் ‘அகிம்சை வழியில்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கையெழுத்திட்டதற்காக வேலையிழந்து, செய்தி பரவிய பிறகே திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்.

மேலே படிக்க வேண்டுமென்றால், மெக்கார்த்தி மூடிய அறையில் நடத்திய விசாரணைகளின் முழுப் பதிவையும் செனட் 2003-இல் வெளியிட்டிருக்கிறது, இணையத்தில் கிடைக்கும். செனட்டரின் கேள்விகளைத் தாண்டிப் போ. சாட்சிகள் ஒவ்வொருவரும் எந்த இடத்தில் தயங்குகிறார்கள், எந்த இடத்தில் பேர் சொல்ல மறுக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே வா. ஆர்தர் மில்லரின் ‘தி குருசிபிள்’ நாடகத்தை அதற்குப் பிறகு எடு. படித்து முடித்ததும், அந்தச் சாட்சிகளில் யாரைப் பற்றி உன் கல்லூரி இதழில் எழுதப் போகிறாய் என்று எழுது.

அன்புடன்,
மாமா